நீலக் கோட்டுப் பொம்மை

ஸ்ரீபெரும்புதூர் ஜவுளிக்கடையின் கண்ணாடிக்குள், சாயங்கால வெயிலில், வெள்ளைக்காரி முகத்துப் பொம்மை ஒன்று கம்பெனிப் பெண்களின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு குதிகால் செருப்பில் இளித்தபடி நிற்கிறது. விடுமுறை நாட்களில் கடைக் கண்ணாடிகளைப் படம் பிடித்துத் திரிகிற தங்கமாரி, தினமும் அதே கோட்டில் கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்கிறவள். அவள் கேமராவைத் தூக்குகிறாள். கடை முதலாளி பல்லெல்லாம் தெரிய வெளியே வருகிறார். "இன்னாம்மா, அச்சு அசலா உன்ன மாதிரியே கீதுல்ல?" "இந்தச் செருப்ப மாட்டிக்கிட்டு நீங்க ஒரு ஷிப்ட் நின்னு பாருங்கண்ணே. பெறவு இளிப்பு வருதான்னு பாப்போம்." அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் சிரிக்கிறார். பொம்மைக்குப் பின்னால், காலையிலிருந்து உட்காராத விற்பனைப்பெண் ஒரு பாதத்தைத் தூக்கி மறுகாலில் தேய்க்கிறாள். "ஏய், நேரா நில்லு! போட்டோ எடுக்கிறாங்க இல்ல?" என்று அவர் கத்துகிறார். அந்த வாய் மூடுவதற்குள் தங்கமாரி கேமராவை அவர் முகத்துக்கு நேரே திருப்பிப் படம் எடுக்கிறாள்.