ஒட்டிய கதவு

மகன் சேர்மதுரை வேனோடு மலைப்பாதையில் காணாமல்போய் ஒரு வருஷம். பள்ளத்தில் விழுந்திருப்பான் என்று ஊரே சொன்னது. பரமார்த்தலிங்கம் ஒருத்தன் பேச்சையும் நம்பவில்லை. அந்த வேனையே காகித அட்டையில் பிளேடால் வெட்டி அச்சு அசலாகச் செய்தார். இடது விளக்குக்குக் கீழே இருந்த கீறலைக்கூட விடவில்லை. கடைசியாக டிரைவர் கதவில் பசை தடவும்போது மனைவி தாயம்மா கையைப் பிடித்தாள்.

“அத ஒட்டாதிய. புள்ள எப்படி இறங்குவான்?”

“கூறுகெட்டவளே, காயிதத்துக்குள்ள எவன் இருக்கான்?”

ஒட்டிவிட்டார். ஆனாலும் புது வண்டிக்கு உண்டான வழக்கத்தை விட மனசு வரவில்லை. முன்சக்கரத்தின் முன்னால் ஒரு பிஞ்சு எலுமிச்சையை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவளும் பக்கத்திலேயே இருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் எலுமிச்சை நசுங்கிக் கிடந்தது. காகிதச் சக்கரம் சாற்றில் ஊறியிருந்தது. ஒட்டிய கதவை வேனுக்கு உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

“கூறுகெட்டவளே, பிளேட எங்க வச்ச?” என்று கத்தினார்.