ரோஸ் பொடி

மார்கழிப் பனியில் சுவர் காய நாளாகுமே என்ற அவசரத்தில், அருணகிரி கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவிலிருந்து சுண்ணாம்பில் கலக்க ரோஸ் பொடி வாங்கி வந்தார். பொங்கல் கழிந்ததும் மகள் எல்லம்மாவைப் பெண் பார்க்கத் திருவள்ளூரிலிருந்து வருகிறார்கள்.

“கூடத்துக்கு வெள்ளைதான்” என்றாள் மனைவி தாயாரம்மாள்.

“இன்னாம்மே, புரிஞ்சிதான் பேசுறியா? பொண்ணு கருப்பு. வெள்ளைச் செவுத்தாண்ட நின்னா இன்னும் கருப்பாத் தெரிவா. ரோஸ் அடிச்சா மொகம் எடுப்பா இருக்கும்.”

“வெள்ளைதான்.”

“பெத்தவளே பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பியா?”

தாயாரம்மாள் பொடியைப் பரணில் போட்டுவிட்டு, சுண்ணாம்பைத் தானே குழைத்து அடித்தாள்.

வந்தவர்கள் எல்லம்மாவைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், பஜ்ஜியைத் தின்றார்கள். “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று எழுந்துகொண்டார்கள்.

“இப்ப திருப்தியா உனக்கு?” என்று கத்தினார் அருணகிரி.

தாயாரம்மாள் பரணிலிருந்த பொடியை எடுத்து அவர் கையில் திணித்தாள். “இந்தா, இப்ப கலக்கு. கல்யாண ஊட்டுக்கு ரோஸ்தான் அழகு.”

“யாரு கல்யாணம்?”

“உன் கம்பெனி ஏழுமலை போன மாசமே என்னாண்ட பொண்ணு கேட்டான். எல்லம்மாவுக்கும் இஷ்டம். அப்பவே சொல்லியிருந்தா, திருவள்ளூர் சம்பந்தத்த நீ உட்டிருப்பியா?”

“ஏழுமலையா? அவன் இவள எங்க பாத்தான்?”

“தெனம் உனக்குச் சோறு எடுத்துக்கினு போயி, கம்பெனி கேட்டாண்ட உச்சி வெயில்ல நிக்கிறாளே, அங்கதான். வெயில்ல பாத்துப் புடிச்சவனுக்கு, செவுரு இன்னா கலரா இருந்தா இன்னா?”