புது டிஸ்க் கேட்ட கடவுச்சொல்

கணக்கு டீச்சரின் கணவர், தமது கணினியின் கடவுச்சொல்லை மனைவியிடம் கடைசிவரை சொல்லாமலேயே காலமானார். டீச்சருக்கோ மறுநாள் காலை இணையவழி வகுப்பு தொடங்கவேண்டும். தவறினால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக், கடவுச்சொல் பதிந்திருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உறை பிரித்த புத்தம்புது டிஸ்க்கையும் கூடுதலாக ஒரு ரேமையும் பொருத்திப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் கணவரின் பெயர் வந்தது. அதன்கீழ் கடவுச்சொல்லுக்கான கட்டம்.

"அக்கா, இது காலி டிஸ்க். இன்னும் ஒண்ணுமே ஏத்தல," என்ற மெக்கானிக், டிஸ்க்கின் ஒயரையும் பிடுங்கிப் பார்த்தார். கட்டம் அப்படியே நின்றது.

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. "உயிரோட இருந்தப்பதான் தொடவிடல. செத்தும் பிடிவாதமா?" என்று கத்தியபடி, கைக்கு வந்ததைத் தட்டி என்டரை அடித்தார்.

தவறு என்றது கணினி. மறந்தவர்களுக்கு உதவக் கீழே ஒரு குறிப்பு வருவது வழக்கம், வந்தது.

"உனக்கெதுக்கு இதெல்லாம்?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "பொழப்புக்கு! இந்த டப்பாவைத் தவிர என்ன வச்சிட்டுப் போனீங்க?" என்று உரக்கச் சொன்னார், சொன்னதையே கட்டத்திலும் தட்டினார்.

குறிப்பு மாறியது.

"மெதுவாப் பேசு. வெளியாள் நிக்கிறான்."

மெக்கானிக் சுவரோரமாக ஒதுங்கினார்.

"நிக்கட்டுமே!" என்று அடித்தார் டீச்சர்.

மறுநாள் காலை வகுப்பு நேரம் வந்தது, போனது. டீச்சர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். குறிப்பு மாறிக்கொண்டேயிருந்தது.