ஒரே ஒரு வரி

"ஒரே ஒரு வரியா? ஆண்டவருக்கு நன்றி சொல்ல உனக்குக் கிடைச்சது ஒரே ஒரு வரிதானா?"

ஃபோர்மேன் போட்ட சத்தத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்த டம்ளர்கூட ஆடியது. பஸ் பணிமனையில் பத்து என்ஜின் ஒன்றாக ஓடினாலும் அவர் குரல்தான் மேலே கேட்கும். பாவம், வீட்டில் என்ஜின் ஏது?

மனைவி தன் வெள்ளைச் சீட்டை நாலாய் மடித்துக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டாள். "மனசுல பட்டதை எழுதினேங்க."

"என்னைப் பாரு! தினமும் ரெண்டு பக்கமும் எழுதுறேன். எடம் பத்த மாட்டேங்குது. நன்றி கெட்ட ஜென்மம்! ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கவும் துப்பில்லை. இந்த வீட்டுல பீங்கான் தட்டு ஒண்ணாவது மிஞ்சியிருக்கா?"

"உடைஞ்சு போச்சுங்க" என்று பிளாஸ்டிக் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

எப்படி உடைந்தது என்று அவர் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வருஷமாக இதுதான் சட்டம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு நன்றிச் சீட்டு. அவருக்கு நீலம், மனைவிக்கு வெள்ளை, பத்தாவது படிக்கும் மகளுக்கு மஞ்சள். 'ஆண்டவருக்கு எழுதினதை மனுஷன் படிக்கக்கூடாது' என்று சொன்னதும் அவரேதான்.

ஞாயிறு காலை ஜாடியைத் தூக்கிக்கொண்டு சபைக்குக் கிளம்பினார்.

மகள் பதறிப் போனாள். "அப்பா! யாரும் படிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் போட்ட சட்டம், நானே மாத்துறேன். குடும்பத்தை எப்படி நடத்துறேன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

அன்றைக்குப் போதகர் புது மூப்பரை அறிவிக்கப் போகிறார். சபை நிர்வாகத்தில் பத்து வருஷமாக ஃபோர்மேன் கண் வைத்திருக்கும் பதவி. பேர் முடிவான மாதிரிதான். அதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சாட்சி சொல்லச் சொல்லியிருந்தார் போதகர். ஃபோர்மேனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேடையேறி, ஜாடிக்குள் கைவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார்.

"என் மக எழுதியிருக்கா. 'அப்பாவுக்கு இன்னைக்கு ஓவர்டைம். நன்றி ஆண்டவரே!'"

"ஆமென்!" என்றது சபை.

"பார்த்தீங்களா? அப்பன் படுற பாட்டைப் பிள்ளை புரிஞ்சு வெச்சிருக்கா!"

அடுத்த மஞ்சள். "'அப்பாவுக்கு இன்னைக்கும் ஓவர்டைம். ரொம்ப ரொம்ப நன்றி ஆண்டவரே!'"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மூன்றாவதைப் பிரித்தார்.

"'அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு…'"

அதோடு நின்றுவிட்டார். 'வீடு அமைதியா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருக்கணும். நன்றி ஆண்டவரே' என்று இருந்தது மீதி.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியானால் அந்த ஓவர்டைம்? ஐயோ, நான் வீட்டில் இல்லாததற்கா இந்தப் பிள்ளை நன்றி சொல்லியிருக்கிறது?

மகள் விறுவிறுவென்று மேடையேறி வந்தாள்.

"அப்பாவுக்குக் கண் கலங்கிடுச்சு. நான் படிக்கிறேன்" என்று சீட்டை வாங்கினாள். "'அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அந்த வலியோடயும் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நன்றி ஆண்டவரே.'"

சபையே கைதட்டியது. முன் வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகளின் கணக்கு நோட்டு என்ன நிறம் என்றுகூட ஃபோர்மேனுக்குத் தெரியாது.

போதகர் பூரித்துப் போனார். "சகோதரி எழுதினதும் ஒண்ணு படிம்மா. நம்ம புது மூப்பரோட வீட்டுச் சாட்சி!"

மூப்பர்! சொல்லியே விட்டார்.

மகள் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்துப் பிரித்தாள். படித்தாள். தன் சீட்டுக்குச் சட்டென்று ஒரு பொய் கிடைத்த பிள்ளைக்கு அம்மாவின் சீட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். மனைவி எழுதும் அதே ஒரே ஒரு வரி.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். நாலாவது வரிசையில், முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அதைப் பக்தி என்றுதான் நினைத்திருந்தார்.

"நான் வேற எடுக்கிறேன்பா" என்று மகள் கிசுகிசுத்தாள். கண் நிறைந்திருந்தது.

"வேண்டாம்மா. ஆண்டவர் வீட்டுல வந்து எனக்காக நீ ஒரு பொய் சொன்னதே போதும்."

சீட்டை வாங்கினார். மைக்குக்கு முன்னால் நின்றார். படித்தார். உதடு அசைந்ததே தவிர, முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "சத்தமாப் படிங்க ஃபோர்மேன்! உங்க குரலுக்கு என்ன ஆச்சு?"

அவர் மறுபடி முதலிலிருந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்:

"'இன்னைக்கு அவர் எறிஞ்ச தட்டு என் நெத்தியிலதான் பட்டுச்சு, பிள்ளை மேல படலை, நன்றி ஆண்டவரே.'"