நானூறாவது தலை

அந்தச் சேற்றுவெளியில் மனிதர் கால் பட்டு ஒன்பது வருடமாகிவிட்டது. சதுர மீட்டருக்கு நானூறு கடற்புழுக்கள் பெருகும்வரை யாரும் அதில் நடக்கக்கூடாது என்பது சட்டம். ட்ரோன் அள்ளிவரும் சேற்றைச் சலித்துப் புழுக்களை எண்ணுவது ஜெமீலாவின் வேலை. எதிர்க்கரையில் அவள் தங்கை மைமூனின் வீடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாலை வழியே சுற்றிப் போக அரை நாள் பிடிக்கும்.

அன்று காலை மைமூன் போனில் கேட்டாள்: "எவ்வளவு லாத்தா?"

"முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது."

"ஒண்ணுதானே! சேத்து எழுதிடேன்."

"தலையப் பாக்காம எழுத மாட்டேன்டி. இரு, இந்த மண்குழாய்க்குள்ள என்னமோ அசையுது."

புழு கட்டிய அந்தச் சிறு குழாயின்மேல் ஜெமீலா கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் கழித்துச் செந்நிறத் தலையொன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

"நானூறு! மைமூன், நானூறுடி!"

அவள் கணக்கை அனுப்பியதும் கரையில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சையானது. அக்காள் இந்தக் கரையிலிருந்தும் தங்கை அந்தக் கரையிலிருந்தும் சேற்றில் இறங்கினார்கள். நடுவில் சந்தித்து ஒருவரையொருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு பார்த்தால் நான்கு கால்களும் முழங்கால்வரை புதைந்திருந்தன. ஒன்றைக்கூட உருவ முடியவில்லை.

"இப்ப எப்படி லாத்தா போறது?"

"எதுக்குடி போகணும்?" என்றாள் ஜெமீலா.