எல்லோருக்கும் ஜூன் இருபத்தைந்து

"ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கிற அத்தனை பிள்ளைகளுமா ஒரே தேதியில பிறக்கும்?"

உதவிக் கல்வி அலுவலர் தீனதயாளன் சேர்க்கைப் பதிவேட்டை மேசையில் பொத்தென்று போட்டார். ஆசிரியை பவுலின் அசையவில்லை.

"வருஷம் வேற வேற சார். தேதிதான் ஒண்ணு."

"அதைத்தாம்மா கேக்கறேன். ஒண்ணாம் வகுப்பா, ஜூன் இருபத்தஞ்சு. அஞ்சாம் வகுப்பா, அதே ஜூன் இருபத்தஞ்சு. இது பதிவேடா, விளையாட்டா?"

வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் பாதை முடிகிற இடத்தில் இருந்தது அந்தப் பள்ளி. அது எண்பத்தெட்டாம் வருஷத்து ஜூன் மாதம். முந்தின செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்து, கீழே சாலையெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்ததிலிருந்து மேலதிகாரிகளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அந்த நேரம் பார்த்து யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள்: மலைப்பள்ளி ஆசிரியை எமர்ஜென்சி நாளைப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளாக எழுதி அரசாங்கத்தைக் கேலி செய்கிறார் என்று.

"ஜூன் இருபத்தஞ்சு என்ன நாள்னு தெரியுமா உங்களுக்கு?"

"எமர்ஜென்சி கொண்டுவந்த நாள் சார்."

"ஓகோ, தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க! நாட்டையே பூட்டின நாள்மா அது. எழுபத்தாறு முழுக்க எங்க அண்ணன் ஜெயில்ல கிடந்தான். வெளியே வந்தப்ப பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலை. அந்த நாள்தானா கிடைச்சுது உங்களுக்கு?"

சத்தம் கேட்டு வாசலில் பெற்றோர் கூடிவிட்டார்கள். பவுலினின் குரல் இறங்கவில்லை.

"நானா வைக்கலை சார். பெத்தவங்க சொன்னாங்க, எழுதினேன்."

"தேதி தெரியலைன்னா ஜூன் ஒண்ணுன்னு போடணும். கீழே எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அதானே வழக்கம்?"

"அதுவும் பொய்த் தேதிதானே சார்?"

"அது வேற!"

"உங்க பிறந்தநாள் எப்போ சார்?"

தீனதயாளன் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

"ஐயாவுக்கும் ஜூன் ஒண்ணுதாம்மா" என்றான் ஜீப் டிரைவர் சின்னதுரை, வெகுளியாக. "போன வாரந்தான் ஆபீசுல லட்டு குடுத்தாரு."

வாசலில் சிரிப்புப் பொங்கியது.

"நீ போய் வண்டியைப் பாருய்யா!" என்று அவனை விரட்டிவிட்டுத் திரும்பினார். "இங்க பாருங்கம்மா. நாளைக்கு இந்தப் பிள்ளைங்க பழங்குடி ஒதுக்கீட்டுல வேலைக்குப் போய் நிக்கும். ஜூன் ஒண்ணுன்னா எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். மலை முழுக்க ஜூன் இருபத்தஞ்சுன்னா சர்ட்டிபிகேட்டே போலின்னு தள்ளிடுவான். மரியாதையா எல்லாத்தையும் மாத்துங்க."

"மாட்டேன் சார்."

"சஸ்பெண்ட் பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. வேற டீச்சர் வருவாங்க. அவங்களையும் இவங்க மாத்த விடமாட்டாங்க."

தீனதயாளன் தாளை எடுத்தார். மெமோ எழுதத் தொடங்கினார்.

"டீச்சர இன்னாத்துக்கு சார் திட்டிக்கினு இருக்கீங்க? எங்களக் கேளுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் ராணியம்மாள். அவள் மகள் ஒன்றாம் வகுப்பு.

"சரி, உன்னையே கேக்கறேன். உன் பொண்ணு எப்போ பிறந்தா?"

"சாமை அறுப்புல."

"சாமை அறுப்பு ஜூன்லயா வரும்?"

"ஜூன்ல வெதைப்பு சார். அறுக்க ஐப்பசி ஆவும்."

"அப்போ ஜூன் இருபத்தஞ்சு பொய்!"

"பொய்தான்." ராணியம்மாள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஜூன் ஒண்ணு உங்க பொய்யி. இது எங்க பொய்யி. நாங்கெல்லாம் கூடிப் பேசித்தான் இந்த நாள வெச்சோம். ஆருக்காவவும் மாத்த மாட்டோம்."

"அப்படி என்னதாம்மா இருக்கு அந்த நாள்ல?"

"வந்ததுல இருந்து இப்பத்தான் சார் ஏன்னு கேக்கறீங்க" என்றாள் பவுலின்.

ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்த மலை ஜாகீர்தாருங்க கையில இருந்திச்சு சார். கீழ சுதந்திரம் வந்து கொடி ஏத்துனப்பவும் எங்களுக்கு வரல. எங்க அப்பன் கூலி இல்லாம அவங்க காட்டுல ஏர் ஓட்டியே செத்தாரு. நானும் சின்னப் புள்ளையில அங்கதான் களை புடுங்கினேன். வூட்டுல அடுப்பு எரியுதோ இல்லியோ, அவங்க காட்டுக்குப் போயே ஆவணும். அப்பால ஒரு நாளு சர்க்காரு வந்து மலைய எடுத்துக்கிச்சு. இனிமே ஆருக்கும் சும்மா ஒழைக்கத் தேவலன்னு சொல்லிச்சு."

தீனதயாளனின் பேனா நின்றது. பாதி எழுதிய மெமோவை அவர் கை தானாகவே கசக்கியது.

"அது... எப்போம்மா?"

"உங்க அண்ணன் ஜெயில்ல கிடந்த வருசந்தான் சார். நாட்டையே பூட்டி சரியா ஒரு வருசம் கழிச்சு, அதே தேதியிலதான் எங்களத் தொறந்து வுட்டாங்க."