சந்தேகத்துக்கு ஒரு மாத்திரை

"டாக்டர், இவ இப்போ என்னை எதுவுமே கேக்கறதில்ல!"

பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான் கணவன்.

"சந்தேகப்பட்டே உயிரை வாங்கறாள்னு நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

உண்மைதான். மூளை செல்லில் ரிசெப்டர் என்று ஒரு பூட்டு இருக்கிறதாம்; புது மாத்திரை அதை அடைத்துவிட்டால் சந்தேகமே கிளம்பாதாம். டாக்டர் இப்படிச் சொன்னதும் மருந்துச் சோதனையில் அவளைச் சேர்த்துவிட்டதே அவன்தான்.

இப்போது அவன் சட்டையை அவள் மோந்து பார்ப்பதில்லை, ஃபோனை நோண்டுவதில்லை. எவ்வளவு லேட்டாகப் போனாலும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"இவளுக்கு வேற யாரோ இருக்கணும், டாக்டர்!"

"பொறுங்க. சோதனையில பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு இன்னைக்குத்தான் எங்களுக்கே சொல்லியிருக்காங்க."

கம்ப்யூட்டரைப் பார்த்த டாக்டரின் புருவம் உயர்ந்தது.

"உங்க மனைவி சாப்பிட்டது மாவு மாத்திரை!"

"அப்போ சந்தேகம் எப்படிப் போச்சு?"

மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"போன மாசம் உங்களையும் அவளையும் நேர்லயே பாத்துட்டேனே. அப்புறம் எதுக்குங்க சந்தேகம்?"